காகிதத்தில் வராத பதினோரு வீடுகள்

குடிநீர் வாரியத்தின் வரைபடப் பிரிவில் அவளுக்கு லேயரம்மா என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் கூப்பிடாதவர்களும் இல்லை. ஒப்பந்தக்காரர்கள் கணினியில் வரைந்து அனுப்பும் குழாய்ப் படங்கள் முன்பெல்லாம் ஆளுக்கொரு விதமாக வரும். ஒருவர் குடிநீரைச் சிவப்பில் போடுவார், அடுத்தவர் அதே சிவப்பில் சாக்கடையைப் போடுவார். அந்தக் கந்தரகோளத்தை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவள் அவள்தான். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்களைப் போல குழாய்க்கு ஒரு லேயர், வால்வுக்கு ஒன்று, வீடுகளுக்கு ஒன்று என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயரும் நிறமும் கோட்டின் தடிமனும் குறித்து, நாற்பது பக்கத்துக்கு விதிப்புத்தகம் எழுதினாள். ஒரு கோடு தப்பான லேயரில் இருந்தாலும் சரிபார்க்கும் நிரல் படத்தைத் திருப்பி அனுப்பிவிடும். நிரலுக்கும் இரக்கம் கிடையாது, அந்தம்மாவுக்கும் கிடையாது என்று ஒப்பந்தக்காரர்கள் புலம்புவார்கள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை இரக்கப்பட்டாள். அதுவும் சொந்த அக்காவுக்காக.

அக்காவின் வீடு மேட்டுத் தெருவில். கீழே இருக்கும் பொதுக்குழாயிலிருந்து எழுபது படி. அத்தான் போன பிறகு அக்கா தனி ஆள், மூட்டு இரண்டும் தேய்ந்துவிட்டன. ஒரு கையில் வாளி, மறுகையில் கைப்பிடிச் சுவர். படியே ஏறக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னபோது, "அப்போ அந்த டாக்டரே வந்து தூக்கட்டும்" என்று அக்கா சிரித்தாள். தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வீடு குழாய் போடும் திட்டத்தில் அந்தத் தெருவுக்கான படம் கடைசி நாளன்று மாலை நாலரை மணிக்கு வந்தது. ஐந்து மணிக்குமேல் வந்தால் அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிடுவார்கள். நிரல் ஓடியது, பதினோரு வீடுகளில் பிழை என்று சிவப்பு விழுந்தது. படிக்கட்டின் மேலே இருக்கும் அந்தப் பதினோரு வீடுகளுக்கும் கதவு எண் கிடையாது. எண் இல்லாத வீட்டை வீட்டு லேயர் ஏற்காது. வரைந்தவர் பாவம், தானே ஒரு லேயரை உண்டாக்கி வீடுகளையும் அவற்றின் இணைப்புகளையும் அதில் போட்டிருந்தார். பதினோராவது வீடு அக்காவுடையது.

திருப்பி அனுப்ப வேண்டும். சரிபார்ப்பவர் படத்தில் கைவைக்கக் கூடாது. இரண்டும் அவள் எழுதிய விதிகள்தான். ஆனால் மணி நாலே முக்கால். நிரல் கேள்வி கேட்காத லேயர் ஒன்று உண்டு. அளவுக் குறிகளுக்காக மென்பொருள் தானே உண்டாக்கிக்கொள்வது. பதினொன்றையும் அதற்குள் நகர்த்தினாள். சிவப்பு மறைந்தது. திரையில் அக்கா வீடு வரை கோடு ஒழுங்காக ஏறிப் போவதைக் கண்ணாரப் பார்த்துவிட்டுத்தான் அனுமதிப் பொத்தானை அழுத்தினாள். அன்று வீட்டுக்குப் போகும்போது கால் தரையில் படவில்லை.

நாலு மாதம் கழித்து அக்காவின் போன் வந்தது. "தெருவுல குழி வெட்டிட்டாங்கடி! நம்ம வீட்டுக்கு என்னைக்குன்னு பார்த்துச் சொல்லு."

ஆவண அறைக்குப் போய் முத்திரையிட்ட படத்தை விரித்தாள். கோடு படிக்கட்டின் அடியிலேயே நின்றிருந்தது. அதற்குமேல் வெறும் வெள்ளை. அந்த லேயரில் இருப்பது திரையில் தெரியும், அச்சில் வராது. புதிதாக வரைபவருக்கும் தெரிந்த சங்கதி. விதிப்புத்தகத்தின் இருபத்தாறாம் பக்கத்தில் அவளே எழுதியிருந்தாள்.

செயற்பொறியாளர் நல்ல மனிதர்தான். முழுவதையும் கேட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"கம்ப்யூட்டர் கோப்புல இருக்கு சார். இப்பவே காட்டுறேன்."

"கோப்பு செல்லாதும்மா. முத்திரை போட்ட காகிதம்தான் வடிவமைப்பு. உங்க புத்தகத்துல முதல் விதியே அதுதானே?"

அதுதான். அந்த வரியை எழுதிய அன்று பெருமையில் இரண்டு தடவை படித்துப் பார்த்திருந்தாள்.

"என் தப்புன்னு எழுதுங்க சார். என்ன தண்டனை வேணும்னாலும் கொடுங்க."

"எழுதத்தான் போறேன். எழுதினா குழாய் மேலே ஏறிடுமா? காகிதப்படிதான் ஒப்பந்தம். இனிமே அடுத்த கட்டம்தான், நாலு வருஷம் ஆகும்."

சாயங்காலம் எழுபது படியும் ஏறினாள். அக்கா சமையலறைச் சுவரைக் காட்டினாள். குழாய் உள்ளே வருவதற்குக் கொத்தனாரை வைத்து ஓட்டை போட்டு, பூச்சி வராமல் துணி அடைத்து வைத்திருந்தாள். "தெருவே ஒண்ணா இடிக்க ஆரம்பிச்சா கொத்தனார் எவன்டி கிடைப்பான்? முன்னாடியே போட்டுட்டேன். என்னைக்கு வருது?"

"வராதுக்கா." ஒன்று விடாமல் சொன்னாள். லேயர், அச்சு, காகிதம் எல்லாம்.

அக்கா ஓட்டையில் அடைத்திருந்த துணியைத் தடவினாள். "கம்ப்யூட்டர்ல என் வீடு இருக்கா?"

"இருக்குக்கா."

"பேப்பர்ல?"

"இல்ல."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அக்கா எழுந்து மூலையில் கவிழ்த்திருந்த வாளியை எடுத்தாள். ஆறு மணிக்குக் கீழே குழாய் நின்றுவிடும். தங்கை ஓடிப்போய் வாளியைப் பிடித்தாள். "கொடுக்கா, நான் போறேன்."

"இன்னைக்கு நீ தூக்குவ. நாளைக்கு?"

தங்கையின் கை வாளியை விட்டது. அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் காலை வைத்தாள்.