நாற்பத்தொரு வினாடி

எதையும் பார்த்து வாயைப் பிளக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவனுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. அக்கா போனில் அழுதபோதும், "இரு, வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அவளும் அவள் கல்லூரிக்காரர்களும் நாலு வருஷம் உயிரைக் கொடுத்துச் செய்த செயற்கைக்கோள், செருப்புப் பெட்டி அளவுதான், மூன்று நாளாக மேலே சுற்றுகிறது. ஒரு சத்தமும் இல்லை. இன்று காலை பதினொன்று பன்னிரண்டுக்குத் தலைக்கு மேலே போகும். அப்போதும் பேசாவிட்டால் செத்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிடுவார்களாம்.

கல்லூரி மொட்டைமாடி அறையில் ஒரு பழைய லினக்ஸ் கம்ப்யூட்டர். செயற்கைக்கோளின் சிக்னலைப் பிடிக்க வெளியே நிற்கும் டிஷ்ஷை எப்போது எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்வது அதுதான்.

"டிஷ் நல்லாத்தான் திரும்புது. ரிசீவரையும் மாத்திப் பாத்தாச்சு," என்றாள் அக்கா.

என் போனை ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

"அக்கா, இது நாப்பத்தொரு செகண்ட் பின்னாடி ஓடுது."

"அவ்வளவுதானே?" என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஐயோ. அது செகண்டுக்கு ஏழரை கிலோமீட்டர் போகும்டா."

செயற்கைக்கோள் முந்நூறு கிலோமீட்டர் தாண்டிப் போன பிறகு, வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது டிஷ்.

கம்ப்யூட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். நெட்வொர்க் கேபிளை அழகாகச் சுருட்டி, டேப் ஒட்டி வைத்திருந்தார்கள்.

"யாரு கழட்டினது?"

"நான்தான். அது பக்கத்துல இருந்தா ரேடியோவுல ஒரே இரைச்சல். சிக்னல் தெளிவாக் கேக்கணும்னு மூணு வாரம் முன்னாடியே..."

தலையில் அடித்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் தானாக மணி பார்த்தால் நாளுக்கு இரண்டு வினாடி தவறுவது சாதாரணம். வெளியே இருக்கும் நேர சர்வர்களைக் கேட்டுக் கேட்டுத்தான் அது தன்னைத் திருத்திக்கொள்ளும். அந்த வழியையே இவள் அடைத்துவிட்டாள்.

கேபிளைச் செருகினேன். மணி பதினொன்று மூன்று. நேரம் திடீரென்று தாவக் கூடாது என்று யாரோ அமைத்திருந்ததால், அது ஒவ்வொரு வினாடியையும் இம்மியளவு சுருக்கி நிதானமாகத் திருத்தத் தொடங்கியது. அப்படியே விட்டால் ஒரு நாள் ஆகும். நிறுத்திவிட்டு, ஒரே தாவாகத் தாவச் சொன்னேன்.

நாலு நாட்டு சர்வர்கள் பதில் சொல்லின. கேள்வி போய்ப் பதில் வந்த நேரத்தையும் கழித்துக்கொண்டு பார்த்தால், நாலுக்கும் இடையே வித்தியாசம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. எதிலும் ஒத்துப்போகாத மனுஷ ஜாதி இதில் மட்டும் எப்படி இத்தனை ஒற்றுமையாக இருக்கிறது! எத்தனையோ முறை பார்த்த எண்கள்தான். அன்றைக்குத்தான் வாயைப் பிளந்தேன்.

கேபிளை மறுபடி கழற்றினோம். டிஷ் மெல்லத் திரும்பியது. பதினொன்று பன்னிரண்டு. ஸ்பீக்கரில் கீச்சென்று ஒரு சத்தம். ஸ்கிரீனில் ஒரு வரி வந்தது: பேட்டரி நலம், செய்தி எண் 4,317.

அக்கா குதிக்கவில்லை. அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு விசும்பினாள்.

"நிமிஷத்துக்கு ஒண்ணுடா. மூணு நாளா கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கு."