முழங்கை நீளக் கம்பி

பாறை சூடேறுவதற்குள் ஒரு வரிசையாவது பிளந்துவிட வேண்டும். அதனால் வெளுக்கும் முன்பே குவாரியில் சம்மட்டிகள் இறங்கத் தொடங்கிவிடும். ஒருத்தி உளியைப் பிடிப்பாள், ஒருவன் அடிப்பான். குறி தப்பினால் பிடித்தவளின் விரல்கள் கூழாகிவிடும். எனவே அங்கே ஜோடி சேர்வது பெரும்பாலும் புருஷனும் பெண்டாட்டியும்தான். நெட்டையன் அடிப்பான், வாயாடி பிடிப்பாள்.

"பார்த்து அடிய்யா. கை போச்சுன்னா உனக்கு யாரு சோறு ஆக்கறது?"

"நீ வாயை மூடு, உளி தானா நேரா நிக்கும்."

குடம் வறண்டு கிடந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு வருகிறேன் என்று நெட்டையன் மேட்டுக்கு ஏறினான். மின்வாரியக் கம்பி எட்டிப் பார்க்காத இடம் அது. சில சோலார் பலகைகளும் ஒரு கொட்டகை நிறைய பேட்டரிகளும்தான் அந்தக் குடும்பங்களுக்கு வெளிச்சமும் தண்ணீரும் தந்தன.

சுவிட்சைப் போட்டவன், ஓடத் தயங்கிய மோட்டாரைக் கையால் தொட்டான். அவ்வளவுதான். அலறல்கூட வரவில்லை. இரும்பு அவனைப் பிடித்துக்கொண்டு உலுக்கியது. பின்னால் வந்த தம்பி சம்மட்டியின் மரக்காம்பால் அண்ணனின் கையை ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்தது, பிடி விட்டது. ஓடி வந்த ஒருவன் சுவிட்சை அணைத்தான். கீழே விழுந்தவனின் உள்ளங்கை கரிந்திருந்தது. எத்தனை பேர் நெஞ்சை அழுத்தியும் மூச்சு திரும்பவில்லை.

வாயாடி அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"மோட்டாரை மாட்டின வயர்மேன் எங்கடா?" என்று கத்தினான் தம்பி.

பேட்டரிக் கொட்டகையிலிருந்து அவனை மயிரைப் பிடித்து இழுத்து வந்தார்கள். முகத்தில் உதைத்தார்கள். விலாவில் காம்பு இறங்கியது. பல்லொன்று ஜல்லியில் தெறித்து விழுந்தது. அவன் கையைக்கூடத் தூக்கவில்லை.

முதலாளியின் ஜீப் வந்து நின்றது. மேஸ்திரியும் தடியர்களும் குதித்தார்கள். யாரும் அடியைத் தடுக்கவில்லை.

"நல்லாப் போடுங்க!" என்றார் முதலாளி. "ஆள் உயரத்துக்கு எர்த் கம்பி வாங்கிக் குடுத்தேன். ஒழுங்கா அடிச்சு எறக்கியிருந்தா இந்தச் சாவு விழுமா?"

வயர்மேன் ரத்தத்தைத் துப்பினான். "அந்தக் கம்பியைப் பிடுங்கிப் பாருங்க."

மோட்டாருக்குப் பக்கத்தில் தலை நீட்டிக்கொண்டிருந்த செம்புக் கம்பியைத் தம்பி இரு கைகளாலும் பற்றி முழு பலத்தோடு இழுத்தான். முள்ளங்கி மாதிரி வந்துவிட்டது. மல்லாந்து விழுந்தவன் கையில் இருந்தது முழங்கை நீளம்தான்.

"கீழே முழுக்கப் பாறை, எறங்கல" என்றான் வயர்மேன். "சரிவுக்குக் கீழே மண்ணு இருக்கு, அங்க அடிச்சுப் பள்ளம் தோண்டி வயரை இழுக்கலாம்னேன். தோண்ட ஆள் விட்டா வேலை கெடும், வெளியே நீட்டறத வெட்டிடுன்னாரு முதலாளி. வெட்டினது நான்தான்."

முதலாளி சிரிக்க முயன்றார். "அதுல கரண்டே ஓடறதில்லடா. சும்மா கிடக்கற கம்பிக்கு எதுக்குப் பள்ளம்?"

"ஓடாத வரைக்கும் நல்லதுதான் முதலாளி. மோட்டார் கசியற அன்னிக்கு அது மண்ணுக்குப் போக வழி வேணும். இல்லன்னா மனுஷன் மேல போகும்."

தம்பி சம்மட்டியை ஓங்கினான். இம்முறை இரும்புத் தலை வயர்மேனின் மண்டைக்கு நேராக இருந்தது.

வாயாடி எழுந்தாள். புருஷனுக்கென்று தூக்குச்சட்டியில் ஒரு வாய்த் தண்ணீர் வைத்திருந்தாள். வயர்மேனின் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தலையை நிமிர்த்தி, உடைந்த வாயில் அதை ஊற்றினாள்.

"அண்ணி! அண்ணனைக் கொன்ன கை அது!"

"கை இங்க கிடக்கு. சொன்ன வாய் அங்க நிக்குது" என்றாள். "இவனையும் கொன்னுட்டா அந்தக் கம்பியை யாரு போடுறது? நாளைக்கு அந்த மோட்டாரை நான் தொடணும், நீ தொடணும்."

சம்மட்டி மெல்லக் கீழே இறங்கியது. அந்த ஒரு வாய்த் தண்ணீரைக் கடவுள் கண்டிருப்பார்.

அவள் முதலாளியிடம் திரும்பினாள். "மண்ணுல கம்பி எறங்கற வரைக்கும் உங்க பாறையில ஒரு அடி விழாது."

"அப்போ எல்லாரும் குடிசையைக் காலி பண்ணுங்க!"

"இத்தனை வருஷம் உங்களுக்குத் தோண்டினோம்" என்றான் கூட்டத்தில் ஒரு கிழவன். "இன்னிக்கு எங்களுக்குத் தோண்டிக்கறோம். கூலி வேணாம் போங்க."

மேட்டிலிருந்து சரிவை நோக்கிக் கடப்பாரைகள் விழுந்தன. தடிகளும் விழுந்தன, குனிந்த முதுகுகளின் மேல். ஒருவன் சுருண்டால் அவன் கடப்பாரையை அடுத்தவன் எடுத்தான். கிழவனின் காதோரம் கிழிந்து ரத்தம் தோளில் வழிந்தது. தம்பியின் கை கருங்கல்லைத் தேடியபோது வாயாடி அதில் கடப்பாரையைத் திணித்தாள். "இதுல காட்டு உன் ஆத்திரத்தை."

தடியர்களில் ஒருவனுடைய பெண்டாட்டியும் பள்ளத்தில் இறங்கியிருந்தாள். அவளும் அந்த மோட்டாரில்தான் குடம் நிரப்புகிறவள். அவளுக்கு எதிரே வந்ததும் அவன் கை தாழ்ந்தது. தடியைப் போட்டுவிட்டு மண்ணை அள்ளத் தொடங்கினான்.

"நன்றிகெட்ட நாயே!" என்று கத்திய முதலாளி, "போலீசோட வர்றேன்" என்று ஜீப்பைத் திருப்பினார். மேஸ்திரியும் மற்றவர்களும் ஓடி ஏறிக்கொண்டார்கள்.

வெட்டி எறிந்த மிச்சக் கம்பி பேட்டரிக் கொட்டகையின் மூலையில் கிடந்தது. மோட்டாரிலிருந்து பள்ளம் வழியே வயரை இழுத்து, கம்பியையும் சரிவுக்குக் கொண்டு வந்தார்கள். "மண்ணு ரொம்பக் காய்ஞ்சிருக்கு" என்று முனகினான் வயர்மேன். "ஈரம் இல்லன்னா கரண்டை வாங்காது."

மோட்டார் ஓடாத நாளில் தண்ணீருக்கு எங்கே போவது? ஒருத்தி உலைக்கு வைத்திருந்த பானையைத் தூக்கி வந்தாள். இன்னொருத்தி குழந்தைக்குக் காய்ச்சி ஆறவைத்ததில் பாதியைக் கொண்டு வந்தாள். எல்லாம் கம்பிக்காகத் தோண்டிய குழியில் இறங்கியது. மண் வாசனை எழுந்தது.

தூரத்தில் ஜீப்பின் புழுதி மறுபடியும் தெரிந்தது. இம்முறை புழுதி பெரிதாக இருந்தது. யாரும் எழுந்து ஓடவில்லை.

வாயாடி குழியருகே மண்டியிட்டு, உளியைப் பிடிப்பதுபோல் கம்பியைப் பிடித்தாள். தம்பி சம்மட்டியை எடுத்தான்.

"பார்த்து அடி தம்பி" என்றாள் அவள். "இந்தக் கை இன்னும் வேணும்."

கம்பி இறங்கியது.