இரண்டாம் மதிப்பீட்டாளர்

அப்பாவின் கணினியில் முப்பத்தேழாவது கட்டுரையின் தலைப்பை மகள் தட்டிக்கொண்டிருந்தபோது, தம்பி அறைக்குள் தலையை நீட்டினான்.

"அக்கா, அப்பாவோட ஆபீஸ்லேருந்து மறுபடியும் போன். அப்பா எழுதினதோட லிஸ்ட் வேணுமாம். இரங்கல் பேசறப்ப வாசிக்கணுமாம்."

"இதோ அனுப்பறேன்னு சொல்லு."

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றவர், ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டார். சுகாதாரத் துறையில் முப்பது வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி, "வீட்டுல யாருக்காவது காய்ச்சலா?" என்று கேட்டவர். ஊரில் அவருக்குக் காய்ச்சல்காரர் என்றே பெயர். கேட்டதை வீணாக்காமல், எந்த நோய் எந்தத் தெருவில் எப்படிப் பரவியது என்று ஆய்விதழ்களில் எழுதினார். அதைப் பார்த்துத்தான் மகளும் அதே துறைக்கு வந்தாள், பேராசிரியராகவும் ஆனாள்.

அம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"டைபாய்டு கட்டுரையைச் சேர்த்தியா? ரிட்டயர் ஆனப்புறம் நாலு வருஷமா எழுதினாரே."

"அது வரலம்மா. பத்திரிகையில ரெண்டு பேர்கிட்ட குடுத்துப் படிக்கச் சொல்வாங்க. ரெண்டாவது ஆள் வேணாம்னுட்டார்."

"அது தெரியும். யாராம் அந்தப் புண்ணியவான்?"

"பேர் சொல்ல மாட்டாங்க. எழுதினது யாருன்னு படிக்கிறவருக்கும் தெரியாது."

தெரியக் கூடாது என்பதுதான் விதி. ஆனால் மாவு மில்லுக்குப் பின்னால் உள்ள தெரு, தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய பதினாறு வீடுகள் என்று முதல் பக்கத்தைப் படித்ததுமே எழுதியவர் யாரென்று, அந்த இரண்டாவது ஆளான அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தெருக்களில் அவருடைய சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனவள் அவள். வேண்டியவர் கட்டுரை என்றால் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று மாணவர்களுக்கு வருடா வருடம் பாடம் எடுப்பவளும் அவள்தான். அவள் திருப்பவில்லை. அப்பா என்றாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று தனக்கே காட்டிக்கொள்வதற்காக, ஒரு சுற்று அதிகமாகவே முறுக்கினாள்.

பதினோரு குறைகள் எழுதினாள். ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகளை மட்டும் எண்ணியிருக்கிறார், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் உள்ள தூரத்துத் தெருக்காரர்கள் பலர் வராமலே இருந்திருப்பார்களே என்பது ஏழாவது. சரியான குறைதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'இவருக்கு இத்துறையின் அடிப்படையே தெரியவில்லை' என்று ஒரு வரியையும் சேர்த்தாள். எழுதி முடித்தபோது பெருமையாகக்கூட இருந்தது.

"முட்டிவலியோட வீடு வீடாப் போக முடியலன்னுதான் ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரைப் பார்த்து எழுதினார்" என்றாள் அம்மா. "வேணாம்னதும் எனக்குத்தான் கோபம். அவர் சிரிக்கிறார். கேட்டவர் கெட்டிக்காரர், எல்லாம் சரியாக் கேட்டிருக்கார்னு சொல்லிட்டு, ஒண்ணொண்ணுக்கும் பதில் எழுத உட்கார்ந்துட்டார். அந்தக் கம்ப்யூட்டர்லதான் இருக்கும், பாரு."

முப்பத்தேழோடு பட்டியலை அனுப்பிவிட்டு, மகள் தேடினாள். இருந்தது. அவள் எழுதிய ஒவ்வொரு குறைக்கும் கீழே, 'நன்றி. திருத்திவிட்டேன்' என்று எழுதியிருந்தார். ஏழாவதின் கீழே மட்டும் கொஞ்சம் நீளமாக இருந்தது.

'நன்றி. உண்மைதான், இது எனக்குத் தெரியாது. என் மகளுக்கு நன்றாகத் தெரியும். அவளிடம் கேட்டுத் திருத்துகிறேன்.'

அதற்குக் கீழே திருத்தம் எதுவும் இல்லை.

போன மாதம் அவர் போன் செய்தார். "புரொபசரம்மா, ஒரு சந்தேகம். தூரத்தை எப்படிம்மா கணக்குல எடுக்கறது?" எதற்குக் கேட்கிறார் என்று தெரிந்துதான், "பரீட்சை நேரம்ப்பா, அடுத்த வாரம் பேசலாம்" என்றாள். பேசினால் குரலே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். அடுத்த வாரம் அவளும் கூப்பிடவில்லை, அவரும் தொந்தரவு செய்யவில்லை.

"என்னடி எழுதியிருக்கு?"

"என்கிட்ட கேக்கணும்னு எழுதியிருக்கார்."

"கேட்டாரா?"

"கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"



"அக்கா, வண்டி வந்துடுச்சு" என்று கூடத்திலிருந்து தம்பி கூப்பிட்டான். "எல்லாரும் உங்க ரெண்டு பேருக்காகத்தான் காத்திருக்காங்க."

"வரேன்" என்றவள் எழுந்திருக்கவில்லை. நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"அம்மா" என்றாள். அந்த இரண்டாவது ஆள் தான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். அதை விட்டுவிட்டு வேறு ஒன்றைக் கேட்டாள். "தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்க ஆஸ்பத்திரிக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"நடந்து வந்தா முக்கால் மணி நேரம்" என்றாள் அம்மா. "இப்ப எதுக்கு அது?"

மகள் அதை ஏழாவதின் கீழே, அப்பா நிறுத்திய இடத்தில் தட்டினாள்.