மஞ்சளும் சிவப்பும்

பழனிமுத்துவுக்கு மஞ்சள் மருந்துக் குளிசை விழுந்தது; அவர் மனைவி இராமலெட்சுமிக்குச் சிவப்பு. கல்யாணமான காலந்தொட்டு கொட்டாஞ்சேனை மிளகாய் ஆலையில் ஒன்றாகத் தூள் சலித்தவர்கள். இருமலும் இருவருக்கும் ஒன்றாகவே வந்தது. ஐப்பசி மழை பிடித்தால் சளி பச்சையாகி, காய்ச்சல் அடித்துப் படுக்கையில் தள்ளிவிடும். அந்த வருஷம் ஆஸ்பத்திரியில் பழைய மருந்தையும் புதிதாக வந்த மருந்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். யாருக்கு எதுவென்று சீட்டுக் குலுக்கித்தான் முடிவு. டொக்டர் வரதராசா விளக்கிச் சொன்னதும் இருவரும் தலையாட்டினார்கள்.

சிவப்புதான் புதியது. அவளுக்குக் காய்ச்சல் விட்டு நாக்கில் ருசி வந்தது. அவரோ ஒரு வார்த்தை பேசிவிட்டு அடுத்ததற்கு மூச்சு வராமல் வாயைத் திறந்தபடி காத்திருந்தார்.

"எனக்கு நல்லாயிருச்சு. மிச்சத்த நீங்க முழுங்குங்க" என்று நீட்டினாள்.

"சரின்னு தலையாட்டிட்டு வந்து மாத்தித் தின்னா, டொக்டரய்யாவுக்கு எது நல்ல மருந்துன்னு எப்புடித் தெரியும்?" மூச்சு வாங்கியது. "நீயே தின்னு முடி. ரெண்டு பேரும் படுத்துட்டா கஞ்சி யாரு வைக்கிறது?"

விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். மருந்தை மாற்றி ஊசி போட்டார்கள், ஒட்சிசன் வைத்தார்கள். அந்த வார முடிவுக்குள் போய்விட்டார்.

அதன்பிறகு அவளை நடமாட வைத்தது மஞ்சள் குளிசையின் மேலிருந்த கோபம்தான். தண்ணீர்க் குழாயடியில் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள்: "சீட்டு மாறி விழுந்திருந்தா அவரு இருந்திருப்பாரு." தான் செத்து, அவர் கஞ்சி வைத்துக் குடிப்பதாக நினைத்துப் பார்ப்பாள். அதில் ஒரு ஆறுதல் இருந்தது.

அடுத்த மழைக்கு இருமிக்கொண்டே கிளினிக்குக்குப் போனாள்.

"எந்த மருந்து நல்லதுன்னு தெரிஞ்சிருச்சுங்களா, ஐயா?"

வரதராசா கதிரையைக் காட்டி அவளை உட்காரச் சொன்னார். "ஓம் அம்மா. கன பேருக்குக் குடுத்துப் பாத்தாச்சு. ரெண்டும் ஒரே மாதிரித்தான் வேலை செய்யுது."

"அப்ப அவரு?"

"அவற்ற நெஞ்சு முதலே நல்லாக் களைச்சுப் போச்சு. சிவப்பக் குடுத்திருந்தாலும் காப்பாத்தியிருப்பம் எண்டு என்னால சொல்லேலாது. குளிசையில பிழையில்ல. உங்களிலயும் பிழையில்ல."

நல்ல மனிதர், ஆறுதலுக்குத்தான் சொன்னார். அவளோ கதிரையின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். இனி யாரைத் திட்டுவாள்?

மருந்து வாங்கும் வரிசையில் போய் நின்றாள். முன்னால் நின்ற யாரோ ஒரு மனிதர் சுவரில் கையூன்றி, குனிந்து இருமத் தொடங்கினார். நினைப்பதற்குள் அவள் கை எழுந்து அந்த முதுகை நீவிக்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் கையை எடுக்கவில்லை.