துரை பங்களாவின் கல்பெஞ்சு

"பூவுல கைய வச்சீங்க, தோலை உரிச்சுடுவேன்!" என்று வாசலிலேயே கத்தினார் வாட்ச்மேன் கோபால்சாமி.

புதூர்நாட்டு மலைப் பள்ளியிலிருந்து இருபது பிள்ளைகளை நடத்தியே கூட்டி வந்திருந்தாள் செந்தாமரை டீச்சர். வெள்ளைக்காரத் துரையின் பங்களாவையும் தோட்டத்தையும் காட்டிக் கட்டுரை எழுத வைக்கச் சொல்லித் தலைமை ஆசிரியர் உத்தரவு. மலையில் பிறந்து பட்டம் வாங்கிய அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

ரோஜாப் பாத்திக்கு நடுவே ஒரு கல்பெஞ்சு இருந்தது.

"துரை குந்திகினு டீ குடிச்ச எடம். இப்ப ஆபீசருங்க மட்டுந்தான். மலைக்காரப் பசங்க தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்ற சிறுமி செல்லி குனிந்து பார்த்துவிட்டு அலறினாள். "டீச்சர், அடியில வேடியப்பன் சாமி! கவுத்துப் போட்டுக்கிறாங்க!"

செந்தாமரையும் குனிந்தாள். மலையில் ஊருக்கு ஊர் பூப்போட்டுக் கும்பிடுகிற நடுகல் வீரன், கல்லின் அடிப்பக்கத்தில் செதுக்கியபடி, கையில் வில்லோடு, மண்ணைப் பார்த்துக் கிடந்தான்.

"இன்னாம்மா சாமி? அம்பது வருசமா துரைங்க சூத்து தேச்ச கல்லு" என்று சிரித்தார் கோபால்சாமி.

செல்லி ஒரு ரோஜாவைக் கிள்ளிக் கல்லின் அடியில் வைத்தாள். அவர் கையை ஓங்கினார். அந்தக் கையைச் செந்தாமரை எட்டிப் பிடித்தாள்.

"எட்மாஸ்டருக்கு எழுதிப் போட்டு உன் வேலையக் காலி பண்றேன் பாரு!"

"எழுதுய்யா. பேரைத் தப்பில்லாம எழுது. செந்தாமரை, பி.ஏ."

பாத்தியில் இறங்கி, இருந்ததிலேயே பெரிய பூவைப் பறித்தாள்.

"இன்னா பாக்கறீங்க? ஆளுக்கொண்ணு பறிங்க."