அங்காலை போகுது

"அக்கா, இண்டைக்கும் ஏதும் சாட்டுச் சொல்லாதேங்கோ. காத்து நல்லா எழும்பியிருக்கு. வெளிக்கிடுங்கோ."

"காத்துக் கூடினால் உந்தப் பிளேனை ஏத்தாமல் உள்ளை வைக்கிறவைதானே? நீயென்ன, காத்துக்காகக் காத்துக்கொண்டு நிக்கிறாய்?"

"எனக்கு இந்தச் சோழகக் காத்துத்தான் வேணும், அக்கா. அண்டைக்கும் இதுதானே அடிச்சது."

அண்டைக்கு என்றால் எண்டைக்கு என்று இரத்தினம்மாவும் கேட்கவில்லை, தம்பியும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அண்டைக்கு என்று ஒரு நாள்தான் இருந்தது.

கேதீஸ்வரன் ஜேர்மனியிலிருந்து வந்து பத்து நாளாகிறது. நாற்பத்தெட்டு வயது. அவளுக்குப் பன்னிரண்டு வயது இளையவன். வந்த கையோடு இரண்டு பெரிய பெட்டிகளை உடைத்து, விறாந்தை முழுக்கப் பரப்பி, மூன்றே நாளில் அதைப் பூட்டி நிறுத்திவிட்டான். ஒற்றைக் காற்றாடிப் பொம்மரின் மொடல், றிமோட்டில் பறக்கிறது. ஒரு செட்டை நுனியிலிருந்து மற்ற நுனிவரை இரண்டரை மீற்றர். பெற்றோல் எஞ்சின். வானத்திலிருந்து குண்டு போட்ட அதே வடிவம், அதே சாம்பல் நிறம். இரத்தினம்மா பத்து நாளும் விறாந்தையால் போகாமல் குசினி வாசலாலேயே போய்வந்தாள்.

அவன் எதற்காக அதைக் கொண்டுவந்தான் என்பது அவளுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாதது ஒன்றும் அவளுக்குத் தெரியும். அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

முப்பத்துநாலு வருடத்துக்கு முந்திய காலைப்பொழுது. கிணற்றடியில் இரண்டு வாசல் வைத்து வெட்டிய பங்கருக்குள் அவளும், ஆறு வயது மகன் தீபனும், பதினாலு வயதுத் தம்பியும். ஒழுங்கையிலேயே பொம்மரைப் பார்த்து அது எந்தப் பக்கம் போகுது என்று சொல்லுவதில் கேதி பேர்போனவன். ஒரு வாசலில் அரையுடம்பை வெளியே நீட்டிக்கொண்டு நின்றான். "அக்கா, அங்காலை போகுது. கடற்கரைப் பக்கம்," என்று கத்தினான். அடுத்த கணம் குசினிப் பக்கம் இடிந்தது. தீபன் குசினி வாசலில் கிடந்தான்.

பிள்ளை ஏன் வெளியில் போனது என்று வந்த சனமெல்லாம் கேட்டது. தகப்பனும் கேட்டார். "கேதி சொன்னவன், அங்காலை போகுது எண்டு," என்றாள் இரத்தினம்மா. அது பொய்யில்லை. அவன் சொன்னதுதான். ஆனால் அவன் சொல்ல முந்தியே பிள்ளை மற்ற வாசலால் போய்விட்டான். அடுப்பில் பால் இருந்தது. பால்மா கிடையாத காலம். எங்கேயோ தேடி வாங்கிய அரைப் போத்தல் பசுப்பால். "ஓடிப்போய் விறகை இழுத்துப்போட்டு ஓடிவா, ராசா," என்று அனுப்பியவள் அவள்தான். தான் வெளியே வரப் பயந்துபோய்ப் பிள்ளையை அனுப்பினாள்.

புருசனுக்கும் அதைச் சொல்லவில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பியிடம் சொல்ல எத்தனையோ நாள் வாயெடுத்தாள். பத்தொன்பது வயதில் அவன் நாட்டை விட்டுப் போனபோது, போய் ஓரிடத்தில் கால் ஊன்றட்டும் என்று விட்டாள். கலியாணம் வேண்டாம் என்று அவன் பிடிவாதமாக நின்றபோது, நேரில் வரும்போது சொல்லலாம் என்று விட்டாள். தீபனின் ஒவ்வொரு திவசத்துக்கும் அவன் அங்கே விரதம் இருந்து, போன் எடுத்து, ஒன்றும் கதையாமல் மூச்சு மட்டும் விடுவான். அவளும் கேட்டுக்கொண்டு நிற்பாள்.

*

பரவைக்கடல் ஓரத்து வெட்டைவெளியில் சூசைதாசன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காத்து நின்றான். அங்கே வலை வீசுகிறவன், அறுபது வயது, வாய் மட்டும் சும்மா இராது.

"வாங்கோ அக்கா! தம்பி இண்டைக்கு அரியாலைக்குப் பொம்மர் அடிக்கப்போறாராம். பங்கர் வெட்டவோ, வேண்டாமோ?"

"சூசையண்ணை, பகிடியை விட்டிட்டு வாலைப் பிடியுங்கோ," என்றான் கேதீஸ்வரன். "அனுமதிக் கடிதமெல்லாம் கையிலை இருக்கு."

"கடிதத்திலை பொம்மர் எண்டே எழுதிக் கிடக்கு?"

"மொடல் விமானம் எண்டு கிடக்கு."

"அதை எங்கடை மனுசிக்கு ஆர் விளங்கப்படுத்திறது? மக்டலீன் உந்தச் சத்தம் கேட்டால் இப்பவும் கட்டிலுக்குக் கீழைதான். அதாலை ஆளைப் பாசையூருக்கு, தமையன் வீட்டை அனுப்பிப்போட்டன்."

கேதீஸ்வரன் சிரித்தான். வந்த நாளிலிருந்து இரத்தினம்மா அவனுடைய சிரிப்பை அன்றுதான் பார்த்தாள். அவன் பொம்மரின் வலப்பக்கச் செட்டையைக் கையால் கீழே அழுத்தினான். உடனே அந்தச் செட்டையின் பின்விளிம்புத் தகடு தானாகவே கீழே இறங்கியது. இடப்பக்கத்தை அழுத்தினான். அந்தப் பக்கத் தகடு இறங்கியது.

"கர்த்தரே, உதுக்கு உயிர் இருக்கோ?" என்றான் சூசைதாசன்.

"ஜைரோ, அண்ணை. உள்ளுக்கை தீப்பெட்டி அளவிலை ஒரு பெட்டி. காத்து வந்து செட்டையைச் சாய்ச்சால், எங்கடை கண்ணுக்குத் தெரிய முந்தியே அது நிமித்திப்போடும். அது மாறி வேலை செய்தால் கதை முடிஞ்சுது. சாயிற பக்கத்துக்கே இன்னும் சாய்க்கும். அதாலை ஏத்த முந்தி ஒவ்வொரு முறையும் இப்பிடி அழுத்திப் பாக்கவேணும்."

"அப்ப உனக்கென்ன வேலை? அதுவே ஓடுமே."

"ஒரு விசையைத் தட்டினால் ஓடும்தான். கையை விட்டாலும், விட்டபடியே நேராப் போய்க்கொண்டிருக்கும்." பிறகு தமக்கையைப் பார்த்துச் சொன்னான்: "சின்னப் பிளேன் எண்டால் காத்துக்கு ஆடும், அக்கா. மூக்கு அங்கையும் இங்கையும் போகும். அதைப் பாத்து ஒண்டும் சொல்லேலாது. அண்டைக்கு வந்தது ஆடாமல் வந்தது. உதும் அப்பிடி வரவேணும் எண்டுதான் இவ்வளவு பெரிசாக் கட்டி, ஜைரோ வைச்சனான். ரண்டு வருஷம் அக்கா, வேலையாலை வந்து வந்து கட்டினது."

"என்னத்துக்கடா கேதி?"

"அண்டைக்கு நான் ஏன் பிழையாச் சொன்னன் எண்டு எனக்குத் தெரியவேணும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். சூசைதாசன் பக்கத்தில் நிற்கிறானே என்று இரத்தினம்மா தனக்குத்தானே ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டாள்.

கேதீஸ்வரன் றிமோட் பெட்டியைக் கழுத்துப் பட்டியில் மாட்டி, அந்த விசையையும் தட்டிவிட்டான். எஞ்சின் பிடித்தது. அந்தச் சத்தம் கேட்டு, அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்தினாள். பொம்மர் வெட்டையில் ஓடி எழும்பியது. மேலே காற்று மரக்கிளைகளை வளைத்து அடித்துக்கொண்டிருந்தது. அது மட்டும் ஆணி அடித்தது போல அசையாமல் நின்று பறந்தது. தூரத்தில் போய்த் திரும்பியது.

"இப்ப பாருங்கோ அக்கா. எங்கடை பக்கம் வருகுது. எங்கை போகுது எண்டு சொல்லுங்கோ."

"எனக்கு உதுகள் தெரியாது."

"சொல்லுங்கோ. கண்ணிலை படுறதைச் சொல்லுங்கோ."

"அந்தத் தண்ணித் தாங்கிப் பக்கம்."

"ஏன்?"

"மூக்கு அங்கைதானே நிக்குது."

"வடிவாப் பாத்துக்கொண்டே நில்லுங்கோ."

மூக்கு தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தபடியே இருந்தது. ஒரு விரலளவும் திரும்பவில்லை. ஆனால் பொம்மர் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே வந்தது, நண்டு நடக்கிறமாதிரி. தாங்கிக்கு நேரே போகாமல், இங்காலே, ஆளில்லாத உப்புவெட்டைக்கு மேலால் இரைந்துகொண்டு கடந்தது.

"கண்டியளே? மூக்கு அங்காலை, போறது இங்காலை. காத்து முழுசாவே தள்ளிக்கொண்டு வருகுது. ஜைரோவுக்கும் அது தெரியாது. சாய்ஞ்சால் தெரியும், திரும்பினால் தெரியும், தள்ளுப்படுறது தெரியாது. நானும் அண்டைக்கு மூக்கைத்தான் பாத்தனான், அக்கா."

"நானும் அதைத்தானே சொன்னன். அறுபது வயதிலை எனக்கே தெரியேல்லை. நீ அப்ப சின்னப்பெடியன்."

"இல்லை." அவன் கண்ணைப் பொம்மரிலிருந்து எடுக்கவில்லை, பெரிய வட்டமாகத் திருப்பிக்கொண்டிருந்தான். "எனக்குப் பட்டம் ஏத்தத் தெரியும். காத்து இழுக்கிறது தெரியும். இன்னும் நாலு எண்ணுற நேரம் பாத்திருந்தால் பிடிச்சிருப்பன். கெட்டிக்காரன் எண்ட பேருக்காகக் கெதியாச் சொன்னனான். இவ்வளவு காலமும் ஒருவேளை ஆராலையும் கண்டுபிடிக்கேலாதோ எண்டு ஒரு நப்பாசை இருந்தது. இப்ப அதுவும் இல்லை. என்ரை வாயாலைதான் தீபன் போனவன்."

அவன் அதை அழாமல் சொன்னான். கடையில் சாமான் பேர் சொல்லுகிறவன்போலச் சொன்னான். இரத்தினம்மாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

"கேதி. நீ சொன்னதாலை அவன் போகேல்லை."

"விடுங்கோ அக்கா. எத்தினை தரம் உப்பிடி..."

"ஆறுதலுக்குச் சொல்லேல்லையடா. நீ வாய் திறக்க முந்தியே அவன் போயிட்டான். மற்ற வாசலாலை. நான்தான் அனுப்பினனான்."

கேதீஸ்வரன் திரும்பிப் பார்த்தான்.

"அடுப்பிலை பால் கிடந்தது. பொங்கி ஊத்துப்படப்போகுது எண்டு, விறகை இழுத்துப்போட்டு வா எண்டு அனுப்பினனான். நான் போயிருக்கவேணும். எனக்குப் பயம். பிள்ளை கெதியா ஓடுவான் எண்டு நினைச்சன்."

"நீங்கள் சொன்னீங்கள்... எல்லாருக்கும் சொன்னீங்கள், நான் சொன்னதாலை எண்டு."

"ஓம்."

"அத்தானுக்கும்?"

"ஓம்."

"அத்தான் சாகுமட்டும் என்னோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை, அக்கா."

"எனக்குத் தெரியும்."

அவனுடைய இரண்டு கைகளும் பெட்டியிலிருந்து விலகித் தொங்கின. கழுத்துப் பட்டியில் பெட்டி தானாக ஆடியது. மேலே பொம்மருக்கு ஒரு கட்டளையும் போகவில்லை. அது சாயவில்லை, திரும்பவில்லை. செட்டைகளைச் சமனாக விரித்துக்கொண்டு, கடைசியாக விட்ட திசையில், பரவைக்கடலுக்கு மேலால் நேராகப் போனது.

"தம்பி! போகுது! எட, உங்கை போகுது, திருப்பு!" சூசைதாசன் தண்ணீர் ஓரத்தில் நின்று கத்தினான்.

கேதீஸ்வரன் பெட்டியைத் தொடவில்லை. அவன் தமக்கையையே பார்த்துக்கொண்டு நின்றான். எஞ்சின் இரைச்சல் மெலிந்து, வண்டு இரைகிறமாதிரி ஆகி, பிறகு, பெட்டிக்கு எட்டாத தூரத்தில் எஞ்சினும் நின்றது. வெகு தூரத்தில் தண்ணீர் வெள்ளையாக ஒருமுறை எழும்பி அடங்கியது.

"ஏன் அக்கா?" என்றான்.

"எனக்கு அந்த நேரம் ஒராள் தேவைப்பட்டது. நீ பக்கத்திலை நிண்டனீ."

"பிறகு?"

"பிறகு... ஒவ்வொரு வருஷமும் கூடக் கூடச் சொல்லேலாமப் போச்சு."

அவன் தலையை ஆட்டினான். விளங்கியது என்றா, வேண்டாம் என்றா, அவளுக்குத் தெரியவில்லை. கழுத்திலிருந்த பட்டியைக் கழற்றி, சுவிற்சை நிறுத்தி, பெட்டியை மணலில் மெதுவாக வைத்தான். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் நல்லாயிருக்கும் என்று அவள் நினைத்தாள். பதினாலு வயதிலிருந்து இன்றுவரை தான் இருந்த வீடு வேறு ஆரின்ரையோ வீடு என்று கேள்விப்பட்டவனைப்போல, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றான்.

சூசைதாசனுக்கு என்ன கதை என்று பிடிபடவில்லை. ஆனால் பகிடிக்குரிய நேரமில்லை என்பது பிடிபட்டது. தோணியின் கயிற்றை அவிழ்த்தான். "தாழாதெண்டு நினைக்கிறன். செட்டையெண்டாலும் மிதக்கும். வாறியே தம்பி, போய்ப் பாப்பம்?"

கேதீஸ்வரன் தண்ணீருக்குள் இறங்கி நடந்தான். முழங்காலளவில் தோணியைப் பிடித்து ஏறினான்.

"கேதி," என்று கூப்பிட்டாள் இரத்தினம்மா.

அவன் தோணியில் முன்பக்கம் பார்த்துக் குந்தினான், திரும்பவில்லை. சூசைதாசன்தான் மரக்கோலை ஊன்றியபடி சொன்னான்: "வெயில் ஏறுது, அக்கா. நீங்கள் வீட்டை போங்கோ. நான் தம்பியைக் கூட்டிக்கொண்டு வாறன்."

"இல்லை," என்றாள் அவள். "நான் இதிலையே நிக்கிறன். அவன் வந்து என்ன கேக்கவேணுமோ கேக்கட்டும்."

தோணி காற்றுக்கு எதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. அவள் மணலில் உட்காரவுமில்லை, நிழல் தேடவுமில்லை.