பெலிம் மேடையேறிய சனிக்கிழமை

கூட்டம் பன்னிரண்டு மணிக்கு. பத்தேகாலுக்கே பெலிம் மெக்கார்வில் கோட்டும் டையுமாக மாட்டுக்கொட்டகையில் நின்று, அயர்லாந்து ஏன் ஒரே நாடாக வேண்டும் என்று தன் பதினேழு பசுக்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மூன்று வாரமாக இதே கதைதான். மதுக்கடையில், சந்தையில், பூசை முடிந்து சர்ச் வாசலில் என்று நாற்பது வருஷமாகப் பேசிவந்தவர்தான். ஆனால் மேடையில் ஏறியதில்லை. "இணைப்பு பத்தி எல்லாத் தரப்பும் பேசட்டும்னு ஊர் மண்டபத்துல கூட்டம் போடறோம், நீங்கதான் தொடங்கி வைக்கணும்" என்று ஊனா டீச்சர் வந்து கேட்ட அன்றிலிருந்து, அறுபத்துமூன்று வயதில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையாகிவிட்டார். ஆறு பக்கம் எழுதியிருந்தார். முதல் வரி மட்டும் ஐரிஷ் மொழியில். அதை நூறு தடவையாவது சொல்லிப் பார்த்திருப்பார்.

ஐந்தாம் பக்கத்தில் இருந்தபோது போன் அடித்தது. ஓடைக்கு அக்கரையிலிருந்து மெர்வினின் மனைவி ஹேசல்.

"பெலிம், கிடேரி கன்னு போட முடியாம தவிக்குது. இவரு ஒத்தையா மல்லுக்கட்டுறாரு. மாட்டு டாக்டர் வர ஒரு மணி நேரமாகுமாம்."

ஓடைக்கு இந்தப் பக்கம் பெர்மனா, பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்து. அந்தப் பக்கம் மொனஹன், அயர்லாந்துக் குடியரசு. நூறு வருஷத்துக்கு முன்னால் எல்லைக்கோடு கிழித்தவன் ஆளைப் பார்த்துக் கிழிக்கவில்லை. ஐரிஷ்காரன் என்பதைத் தவிர வேறு எதுவாகவும் இருக்க விரும்பாத கத்தோலிக்கர் பெலிம் வடக்கே மாட்டிக்கொண்டார். முன்னறையில் பிரிட்டிஷ் ராணியின் படத்தை மாட்டி, ஜூலை மாதம் ஆரஞ்சுப் பட்டை அணிந்து பிரிட்டன் விசுவாசிகளின் ஊர்வலத்தில் போகும் ப்ராட்டஸ்டன்ட் மெர்வின் தெற்கே மாட்டிக்கொண்டார். "வீட்டை மாத்திக்கிட்டா ரெண்டு பேர் பிரச்சினையும் தீர்ந்துச்சு" என்பார் மெர்வின். "உன் வீட்டுக் கூரை ஒழுகுதேடா" என்பார் பெலிம். அந்தக் கேலியோடு நிறுத்திக்கொள்வார்கள். அதற்கு அப்பால் இருவரும் ஒருநாளும் காலெடுத்து வைத்ததில்லை.

பெலிம் பேப்பர்களை உள்பையில் செருகிக்கொண்டு பாலத்தைத் தாண்டி ஓடினார். பின்னாலிருந்து அவர் மனைவி அட்ரக்டாவின் குரல் துரத்தியது: "ஏய்யா! கோட்டையாவது கழட்டி வச்சிட்டுப் போய்யா!"

கன்றின் தலை பின்னால் மடங்கியிருந்தது. மெர்வின் தோள்வரை கையை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். முகம் செங்கல் நிறம். பெலிம் முன்னங்கால்களில் கயிற்றைச் சுற்றிப் பிடித்தார்.

"இன்னிக்கு உனக்குக் கூட்டம்ல?" மூச்சுக்கு நடுவே மெர்வின் கேட்டார்.

"ஆமா. நீ வரலியா?"

"வரமாட்டேன். வந்தா உண்மையைச் சொல்லணும். இப்ப இழுக்காத, அது முக்கும்போது இழு."

தலை நேரானது. இருவரும் வைக்கோலில் குதிகாலை ஊன்றி இழுத்தார்கள். கிடேரி ஒரு நீண்ட முனகல் முனகியது. கன்று வழுக்கிக்கொண்டு வந்து நேராகப் பெலிமின் மடியில் விழுந்தது. அசைவில்லை. மெர்வின் அதன் வாயில் விரலை விட்டுச் சளியை வழித்தார். பெலிம் ஒரு வைக்கோலை மூக்கில் நுழைத்துக் கிளறினார். கன்று தும்மியது. பெரிய தும்மல். இரண்டு கிழவர்களும் ஒருவரையொருவர் பார்த்து, காரணமில்லாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பின் தைரியத்தில்தான் பெலிம் தன் ஐரிஷ் முதல் வரியைச் சொல்லிக் காட்டினார்.

மெர்வின் கையைத் துடைத்தபடி கேட்டார். "நண்பர்களேன்னு சொல்ல நினைச்சியா?"

"அதைத்தானே சொன்னேன்."

"இல்ல. நீ சொன்னது கூப்பிடற மாதிரியே இல்ல. தொண்டையிலிருந்து வரணும்." மெர்வின் சொல்லிக் காட்டினார். தண்ணீர் ஓடுவது போல அழகாக இருந்தது.

பெலிம் நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு எப்படிடா தெரியும்?"

"எங்க பக்கம் பள்ளிக்கூடத்துல ஐரிஷ் கட்டாயம்டா. பன்னெண்டு வருஷம். பிடிக்கலேன்னாலும் எனக்குப் பேச வருது. உயிரா நினைக்கிற உனக்கு வரல." மெர்வின் வாளியை எடுத்துவைத்துவிட்டு, எங்கோ பார்த்துச் சொன்னார்: "சரி, நானும் வரேன். அந்த வார்த்தையை நீ கொலை பண்றதைப் பார்க்கவாவது வரணும்."

மண்டபத்தில் நூறு பேருக்கு மேல். பெலிம் அதே கோட்டோடு மேடையேறியதும் முன்வரிசை மூக்கைப் பொத்தியது. முதல் வரியை மெர்வின் சொன்னபடியே சொன்னார். ஊனா டீச்சரின் புருவம் உயர்ந்தது. பிறகு பேப்பரை எடுத்தார். பனிக்குட நீரில் ஊறி ஆறு பக்கமும் ஒரே பக்கமாகியிருந்தது. மை கரைந்து நீல மேகம். கொட்டகையில் கடகடவென்று வந்த எதுவும் இங்கே வரவில்லை.

பின்னால் ஒரு பெண் எழுந்து கேட்டாள். "எனக்கு ஒண்ணுதான் தெரியணும். இது வேண்டாம்னு சொல்றவங்களை என்ன பண்ணுவீங்க?"

நாலாம் பக்கத்தில் அதற்கு அருமையான பதில் இருந்தது. பெலிம் ஈரக் காகிதத்தைப் பார்த்தார். பிறகு கடைசி வரிசையைப் பார்த்தார்.

"மெர்வின். நீ சொல்லு."

மெர்வின் எழுந்திருக்க நேரமெடுத்துக்கொண்டார். தொப்பியைக் கழற்றினார்.

"எங்க தாத்தா ஒரு நாட்டுல படுத்தார், இன்னொரு நாட்டுல எந்திரிச்சார். எங்களை யாரும் அடிக்கல. சர்ச் கூரை சரிஞ்சப்ப கத்தோலிக்கச் சாமியார்தான் முதல்ல ஏணி கொண்டாந்தார். எல்லாம் நிஜம். ஆனா அந்தச் சர்ச்சுல நாப்பது குடும்பம் இருந்தோம், இப்ப ஒன்பது. யாரும் துரத்தல. ஒவ்வொருத்தரா சத்தமில்லாம போயிட்டாங்க. இந்த நூறு வருஷத்துல, 'நீங்க இங்க இருக்கணும்'னு ஒரு ஆள் வாயைத் திறந்து எங்ககிட்ட சொன்னதில்ல. அவ்வளவுதான்."

நாற்பது வருஷமாகப் பாலத்தில் கைகாட்டிப் போன மனிதன் இதை எங்கே வைத்திருந்தான் என்று பெலிமுக்குத் தெரியவில்லை. நானுமா சொன்னதில்லை என்று யோசித்துப் பார்த்தார். சொன்னதில்லை.

"எனக்கு இந்தத் தீவு ஒண்ணாகணும்," என்றார் பெலிம், மைக்கைப் பிடித்துக்கொண்டு. "சாகறதுக்குள்ள பார்க்கணும். அதுல நீ இருக்கணும்டா. ஜூலை மாசம் பட்டையைப் போட்டுக்கிட்டு என் வாசல் வழியா நீ போகணும். நான் வாசல்ல நின்னு உன்னைக் கிண்டல் பண்ணணும். நீ இல்லேன்னா நான் யார்கூடய்யா சண்டை போடுவேன்?"

மெர்வின் தொப்பியைத் தலையில் வைத்தார். "இதுக்கு ரொம்ப நன்றி. ஆனா ஓட்டு வேண்டாம்னுதான் போடுவேன்."

மண்டபம் அதிர்ந்தது. கைதட்டலா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதன்பிறகு யாருக்கும் மைக் தேவைப்படவில்லை. ஓய்வூதியம், கொடி, பள்ளிக்கூடம், தேசிய கீதம் என்று ஆளுக்கொரு மூலையில் பேசினார்கள். ஊனா டீச்சர் மணியை அடித்து அடித்து ஓய்ந்து, கடைசியில் அவரே ஒரு வாக்குவாதத்தில் இறங்கிவிட்டார். மூன்று மணிக்குப் பிங்கோ ஆட வந்தவர்கள் நாற்காலி கேட்டு நின்றபோது, கூட்டம் தட்டும் தேநீர்க் கோப்பையுமாக அப்படியே கார் நிறுத்துமிடத்துக்கு நகர்ந்தது.

தூறல் தொடங்கியிருந்தது. யாரும் கிளம்பவில்லை. அட்ரக்டா கணவரின் கோட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அவர் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. பெலிம் முட்டை சாண்ட்விச்சை முழுசாக வாய்க்குள் தள்ளிய நேரம் பார்த்து, ஹேசல் கார்க் கண்ணாடியை இறக்கினாள்.

"பெலிம், ஒரு சந்தேகம். உடம்புக்கு முடியலேன்னு டாக்டரைப் பார்க்க எங்க பக்கம் நான் அறுபது யூரோ கொடுக்கிறேன். உங்க பக்கம் அட்ரக்டா காசில்லாம சும்மா பார்த்துட்டு வரா. நாடு ஒண்ணானா, எனக்கும் சும்மாவா, இல்ல அவளும் அறுபது கொடுக்கணுமா?"

அட்ரக்டா கையை விட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற நாலைந்து பேரும் பேச்சை நிறுத்தினார்கள். பெலிம் கன்னம் உப்ப, மென்றுகொண்டே, கொஞ்சம் பொறுங்கள் என்று ஒரு விரலை உயர்த்தினார். உயர்த்திய விரல்மேல் மழை விழுந்துகொண்டிருந்தது.